கைப்பேசியில் ஓடுகிறது, கன்சோலில் ஓடவில்லை: ஓடிடி கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ஓடிடி ஓடவில்லை என்றதும் வடசென்னையில் முதலில் திட்டு வாங்குகிறவர் கேபிள்காரர். தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் மாடிக்கு மாடி தொங்கிப் போகும் ஃபைபர் கம்பிகளைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் இந்தப் பக்கத்து வீடுகளில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை கம்பியில் இல்லை. கட்டிய சந்தா அந்தக் கருவிக்குச் செல்லாது. அல்லது செயலி அந்தக் கன்சோலுக்கு (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற விளையாட்டுப் பெட்டிக்கு) வெளியிடப்படவே இல்லை. அல்லது கணக்கு வேறு நாட்டில் பதிவாகியிருக்கிறது. அல்லது கன்சோலுக்கும் டிவிக்கும் நடுவில் செருகியிருக்கும் ஏதோ ஒன்று படத்தைத் தடுக்கிறது. இவற்றில் எதற்கும் 100 எம்பிபிஎஸ் இணைப்பை 300 ஆக்குவது மருந்து அல்ல. நெட்ஃபிளிக்ஸ் தானே கேட்பது 1080பி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ். அவ்வளவுதான்.

எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு சோதனைகள். அதே கணக்கை, அதே வைஃபையில், கைப்பேசியில் திறந்து பாருங்கள். பிறகு கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, கன்சோலையோ கணினியையோ அதில் இணைத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் ஓடினால் குறை வீட்டு இணைப்பில் இருக்கிறது. ஹாட்ஸ்பாட்டிலும் ஓடாமல், கைப்பேசியில் மட்டும் ஓடினால், குறை அந்தக் கருவியிலோ சந்தாவிலோ இருக்கிறது. கைப்பேசியிலும் ஓடவில்லை என்றால் சேவையே படுத்திருக்கலாம். ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

அறிகுறி: "உங்கள் திட்டத்தில் இந்தக் கருவிக்கு இடமில்லை"

இந்த அறிவிப்பு ஒவ்வொரு சேவையிலும் வேறு வேறு சொற்களில் வரும். கணக்கு திறக்கும், சுவரொட்டிப் படங்கள் எல்லாம் தெரியும், பிளே அழுத்தினால் மட்டும் நின்றுவிடும். கைப்பேசியில் அட்டகாசமாக ஓடிக்கொண்டிருக்கும்.

காரணம் மொபைல் திட்டம். நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கென்று மொபைல் திட்டத்தை 2019 ஜூலையில் கொண்டுவந்தது. 2021 டிசம்பரில் அதன் விலையை மாதம் 199 ரூபாயிலிருந்து 149 ஆகக் குறைத்தது. அந்தத் திட்டம் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமே. கணினி, டிவி, கன்சோல் மூன்றும் வெளியே. அவை வேண்டுமென்றால் பேசிக் திட்டத்துக்காவது மாற வேண்டும். ஜியோஹாட்ஸ்டாரிலும் இதே போல் கைப்பேசிக்கு மட்டுமான திட்டம் தனியாக உண்டு. ரீசார்ஜோடு "இலவசமாக" வருவது பெரும்பாலும் அதுதான். ரீசார்ஜ் கடையில் 'ஓடிடி ஃப்ரீ' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். எந்தத் திரைக்கு ஃப்ரீ என்று அந்த அட்டையில் இருக்காது. பிரைமில் ஷாப்பிங் எடிஷன் என்று ஒன்று இருக்கிறது, அதில் பொருள் சீக்கிரம் வந்து சேருமே தவிர வீடியோவே கிடையாது.

ஆகவே, கருவியைத் தொடும் முன் கைப்பேசியில் கணக்குப் பக்கத்துக்குப் போய், திட்டத்தின் பெயரைப் படியுங்கள். 'மொபைல்' என்ற சொல் அங்கே இருந்தால் இந்தக் கட்டுரையின் மிச்சம் உங்களுக்குத் தேவையில்லை.

அறிகுறி: ஸ்டோரில் தேடினால் செயலியே வரவில்லை

இதில் இரண்டு வகை. ஒன்று, அந்தச் செயலி அந்தக் கன்சோலுக்கு எழுதப்படவே இல்லை. நிண்டெண்டோ ஸ்விட்சில் யூடியூப் 2018 நவம்பரிலேயே வந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் வரவே இல்லை. எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பிளேஸ்டேஷன் 4, 5, எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எஸ், சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றில் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ, யூடியூப் மூன்றும் உண்டு. நம் ஊர்ச் சேவைகளுக்குக் கன்சோல் என்பது கடைசிப் பந்தி. கைப்பேசி, ஆண்ட்ராய்டு டிவி, ஸ்டிக் என்று எல்லாவற்றையும் கவனித்துவிட்டு, மனமிருந்தால் கன்சோலுக்கு வருவார்கள். சன் நெக்ஸ்டில் தொடர் பார்ப்பதற்காகக் கன்சோல் வாங்குவது யாருக்கும் நல்லதல்ல. வாங்கியாகிவிட்டது என்றால் ஸ்டோரில் ஒருமுறை தேடிப் பாருங்கள். இல்லையென்றால் இல்லை, அதற்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம்.

உலாவி வழியாகப் பார்க்கலாமே என்று தோன்றும். எக்ஸ்பாக்ஸில் எட்ஜ் உலாவி இருக்கிறது, முயன்று பார்க்கலாம். எல்லாச் சேவைகளும் அதில் ஓடும் என்று உறுதி சொல்ல மாட்டேன். பிளேஸ்டேஷன் 4-இல் இருக்கும் உலாவி பழையது, சந்தாப் படங்களுக்கு அதை நம்ப வேண்டாம். பிளேஸ்டேஷன் 5-இல் உலாவிக்கென்று ஐகானே கிடையாது. இந்த நிலையில் என் சிபாரிசு எப்போதும் ஒன்றுதான்: வீட்டில் எச்.டி.எம்.ஐ துளை உள்ள மடிக்கணினி இருந்தால் அதை டிவியோடு இணையுங்கள். இல்லையென்றால் டிவியில் செருகும் ஸ்டிக் ஒன்று வாங்குங்கள்.

இரண்டாவது வகை, செயலி இருக்கிறது, உங்கள் கணக்குக்குக் காட்டப்படவில்லை. பர்மா பஜாரில் வாங்கிய கன்சோல்களில் இது அதிகம். பெட்டி வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும். கடையிலேயே யாரோ அமெரிக்கக் கணக்கோ துபாய்க் கணக்கோ திறந்து கொடுத்திருப்பார்கள். பிளேஸ்டேஷன் கணக்கில் நாட்டை ஒருமுறை குறித்துவிட்டால் பிறகு மாற்றவே முடியாது. இந்தியா என்று குறித்துப் புதுக் கணக்கு ஒன்று திறப்பதுதான் வழி. பழைய கணக்கை அழிக்கத் தேவையில்லை, அதில் வாங்கிய விளையாட்டுகள் இருக்கட்டும். புதுக் கணக்கில் இறக்கிய ஓடிடி செயலியை அதே கன்சோலில் உள்ள மற்றக் கணக்குகளும் பயன்படுத்தலாம். எக்ஸ்பாக்ஸில் இவ்வளவு தொல்லை இல்லை: செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் மொழியும் இருப்பிடமும் என்ற பகுதிக்குப் போய் இந்தியா என்று மாற்றி, ஒருமுறை அணைத்து இயக்கினால் போதும்.

சிலருக்கு எதிர்த்திசையில் ஆசை: அமெரிக்கக் கணக்கை வைத்துக்கொண்டால் அமெரிக்கப் படங்கள் வருமே என்று. வராது. எந்தப் பட்டியலைக் காட்டுவது என்பதை நெட்ஃபிளிக்ஸ் உங்கள் இணைய முகவரியைப் பார்த்து முடிவு செய்கிறது. கன்சோல் கணக்கு எந்த நாடு என்பது அதற்குப் பொருட்டில்லை.

பஜாருக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பரில் சோனி ஜப்பானுக்கு மட்டும் 55,000 யென் விலையில் ஒரு பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷனை வெளியிட்டது. அதில் திரைமொழி ஜப்பானியம் மட்டுமே, கணக்கும் ஜப்பான் கணக்காகவே இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால், பெட்டியை இயக்கி மொழி மாற்றும் இடத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

அறிகுறி: சத்தம் கேட்கிறது, திரை கருப்பு

விளையாட்டு நன்றாக ஓடும். யூடியூப்கூட ஓடலாம். நெட்ஃபிளிக்ஸோ பிரைமோ திறந்தால் மட்டும் கருப்பு, அல்லது செயலியே திறக்க மறுக்கும். மக்களை அதிகம் குழப்பும் அறிகுறி இதுதான். விளையாட்டு தெரிகிறது என்றால் கேபிள் சரியாகத்தானே இருக்கிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் விளையாட்டுக்கும் படத்துக்கும் நிபந்தனைகள் வேறு.

சந்தாப் படங்கள் எச்.டி.சி.பி என்ற நகல்தடுப்பு முறையில் பூட்டி அனுப்பப்படுகின்றன. கன்சோல் முதல் டிவி வரை நடுவில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் அந்த முறையை அறிந்திருக்க வேண்டும். ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் படம் வராது. 4கே படமென்றால் 2.2 என்ற பதிப்பு தேவை. பழைய கருவிகளில் அது இருக்காது.

இப்போது கேபிளைப் பின்தொடர்ந்து போங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று அகப்படும்.

முதலாவது, எச்.டி.எம்.ஐ-யிலிருந்து வி.ஜி.ஏ-வுக்கு மாற்றும் சிறு கன்வெர்ட்டர். அலுவலகங்களில் கழித்த பழைய மானிட்டர்கள் மூர் மார்க்கெட் பக்கம் மலிவாகக் கிடைக்கும், அவற்றில் வி.ஜி.ஏ மட்டும்தான் இருக்கும். வி.ஜி.ஏ வழியில் எச்.டி.சி.பி பூட்டுக்கு வேலையே இல்லை, ஆகவே படம் தடுக்கப்படுகிறது. கன்வெர்ட்டரை மாற்றிப் பயனில்லை. எச்.டி.எம்.ஐ உள்ள திரைதான் வேண்டும்.

இரண்டாவது, ஒரு கன்சோலை இரண்டு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், அல்லது செட்டாப் பாக்ஸையும் கன்சோலையும் ஒரே துளைக்கு மாற்றிவிடும் சுவிட்சு. அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துப் பாருங்கள். படம் வந்துவிட்டால் குற்றவாளி அதுதான்.

மூன்றாவது, கன்சோலிலேயே எச்.டி.சி.பி-யை யாரோ அணைத்து வைத்திருப்பார்கள். யாரோ என்றால் வீட்டுப் பையன்தான். கேப்சர் கார்டு வைத்து விளையாட்டைப் பதிவுசெய்து யூடியூபில் போடுகிறவர்கள் அதை அணைத்தாக வேண்டும், பிறகு இயக்க மறந்துவிடுவார்கள். பிளேஸ்டேஷன் 5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்.டி.எம்.ஐ என்ற வரிசையில் போனால் 'எனேபிள் எச்.டி.சி.பி' இருக்கும். பிளேஸ்டேஷன் 4-இல் செட்டிங்ஸ், சிஸ்டம் என்ற இடத்திலேயே இருக்கும். இயக்கிவிட்டுச் செயலியை மூடித் திறங்கள். தம்பியைத் திட்டுவது உங்கள் விருப்பம்.

இவை எதுவும் இல்லையென்றால் முனைகளைப் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று எச்.டி.எம்.ஐ முனையையும் லேன் கேபிளின் செப்பு ஊசிகளையும் மெல்ல அரித்துவிடும். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கேபிளை மாற்றுவதே நல்லது. கேபிளைச் செருகும்போதும் கழற்றும்போதும் டிவி, கன்சோல் இரண்டின் மின்சாரத்தையும் அணைத்துவிடுங்கள். பழைய வரிசை வீடுகளில் எர்த் சரியாக இருப்பதில்லை. உலோகத்தைத் தொட்டால் சுள்ளென்று ஏறும் வீட்டில் கேபிளை அப்படியே செருகினால் துளையே எரிந்துபோகும்.

கணினியில் இதே அறிகுறி வந்தால் காரணம் வேறாக இருக்கும். திரைப் பதிவு மென்பொருளோ, ஸூம் போன்ற கூட்டச் செயலியில் திரைப் பகிர்வோ ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளோடு ஸூமில் சேர்ந்து படம் பார்க்க நினைத்த ஒரு வீட்டில், கருப்புத் திரையைப் பார்த்துவிட்டு மடிக்கணினியையே ஃபார்மட் செய்திருந்தார்கள். பகிரும் திரையில் சந்தாப் படம் கருப்பாகத்தான் போகும், அது கோளாறு அல்ல. எதுவும் பகிராமலே கருப்பு என்றால், குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்பதை அணைத்து, உலாவியை மூடித் திறந்து பாருங்கள். அதில் சரியானால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

அறிகுறி: கணினியில் பிழை எண் வருகிறது, படமே தொடங்கவில்லை

நெட்ஃபிளிக்ஸில் எம்7701-1003 என்று வந்தால், குரோமில் படப் பூட்டைத் திறக்கும் வைட்வைன் என்ற துணைநிரல் பழுதாகியிருக்கிறது, அல்லது பழசாகிவிட்டது. குரோமைப் புதுப்பியுங்கள், பெரும்பாலும் அதிலேயே தீரும். எஃப்7701-1003 என்று வந்தால் அது ஃபயர்ஃபாக்ஸ். செட்டிங்ஸின் பொதுப் பகுதியில் டி.ஆர்.எம் என்ற தலைப்புக்குக் கீழே ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட வேண்டும்.

புதுப்பிக்கவே முடியவில்லை என்றால் கணினியின் வயதைப் பாருங்கள். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ வாங்கியது இன்னும் பல வீடுகளில் பரணில் இருக்கிறது. இறக்கித் துடைத்து இயக்கினால் விண்டோஸ் 7 வரும். விண்டோஸ் 7-க்கும் 8-க்கும் குரோமின் கடைசிப் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் 110 வந்தபோது இவற்றைக் கைவிட்டுவிட்டார்கள். எட்ஜும் 109-இலேயே நின்றது. இத்தகைய கணினியில் ஒரு சேவை இன்று ஓடலாம், நாளை நின்றுவிடலாம். கணினியின் பிராசசர் 64 பிட் வகையாக இருந்தால் புதிய லினக்ஸ் ஒன்றை நிறுவி அதில் ஃபயர்ஃபாக்ஸோ குரோமோ வைத்துக்கொள்ளலாம், படம் ஓடும். ஆனால் சில சேவைகள் லினக்ஸுக்குத் தரத்தைக் குறைத்தே அனுப்புகின்றன. 32 பிட் கணினி என்றால் விட்டுவிடுங்கள். 32 பிட் லினக்ஸுக்குக் குரோம் 2016-இலேயே நின்றுவிட்டது.

பரணிலிருந்து இறங்கிய கணினிகளுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. தாய்ப்பலகையில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி செத்துப்போயிருக்கும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் ஒப்பாது, எந்தத் தளமும் திறக்காது. இணைப்பு போய்விட்டது என்று நினைத்துக் கேபிள்காரருக்கு போன் போடுவார்கள். கடிகாரத்தைப் பார்த்திருந்தால் போதும்.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் படம் மங்கல்

4கே டிவி, 4கே சந்தா, ஆனாலும் மங்கல் என்றால் எங்கே குறுகுகிறது என்று பார்க்க வேண்டும். சாதாரண பிளேஸ்டேஷன் 4-இல் நெட்ஃபிளிக்ஸ் 1080பி-க்கு மேல் போகாது. 4கே வேண்டுமானால் புரோ மாடல் வேண்டும். முதலில் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் அப்படியே, அதற்குப் பின் வந்த ஒன் எஸ் 4கே தரும். சந்தாவிலும் படிகள் உண்டு: நெட்ஃபிளிக்ஸ் பேசிக் 720பி, ஸ்டாண்டர்ட் 1080பி, பிரீமியம் மட்டுமே 4கே.

விண்டோஸ் கணினியில் நெட்ஃபிளிக்ஸை 4கே-யில் பார்க்க எட்ஜ் உலாவியோ நெட்ஃபிளிக்ஸின் விண்டோஸ் செயலியோ வேண்டும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 1080பி-யோடு நின்றுவிடும். கூடவே மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எச்.இ.வி.சி வீடியோ எக்ஸ்டென்ஷன் நிறுவியிருக்க வேண்டும், திரை எச்.டி.சி.பி 2.2 தெரிந்ததாக இருக்க வேண்டும். இணைத்திருக்கும் எல்லாத் திரைகளுக்கும் இந்த நிபந்தனை பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மடிக்கணினியின் சொந்தத் திரை 1080பி, அதில் 4கே டிவியைச் செருகியிருக்கிறீர்கள் என்றால், விண்டோஸ் பொத்தானோடு பி-யை அழுத்தி இரண்டாவது திரை மட்டும் என்று தேர்ந்தெடுங்கள். ஓடும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றோடு டி-யை அழுத்தினால் என்ன தரத்தில் வருகிறது என்று மூலையில் எண்கள் தெரியும். அந்த எண்ணைப் பார்க்காமல் மங்கலா இல்லையா என்று வீட்டில் வாக்குவாதம் செய்வது வீண்.

இன்னொன்று: விண்டோஸ் செயலியில் படத்தை இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை நெட்ஃபிளிக்ஸ் 2024-இல் எடுத்துவிட்டது. பழைய பழக்கத்தில் அந்தப் பொத்தானைத் தேடுகிறவர்கள் கைப்பேசியில்தான் இறக்க வேண்டும்.

அறிகுறி: இரவு எட்டு மணி ஆனால் வட்டம் சுற்றுகிறது

இங்கேதான் இணைப்பைச் சந்தேகிக்கலாம், அதிலும் முதலில் வைஃபையை. 2013-இல் வந்த முதல் வடிவ பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். ஸ்லிம்மிலும் புரோவிலும்தான் 5 கிகாஹெர்ட்ஸ் வந்தது. சுவரும் சுவரும் ஒட்டிய வண்ணாரப்பேட்டைத் தெருவில் ஒரு வீட்டு ஹாலில் நின்று வைஃபை பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். மாலையில் எல்லாரும் வீடு திரும்பியதும் 2.4-இல் நெரிசல். ரௌட்டரிலிருந்து கன்சோலுக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள். வேகத்தைக் கூட்டக் கட்டும் மாதப் பணத்தைவிட இது மலிவு, பலனும் உடனே தெரியும்.

லேன் கேபிளிலும் மாலையில் மட்டும் சுற்றுகிறது என்றால், காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை வேகச் சோதனை செய்து, இரண்டையும் படமெடுத்துக் கேபிள்காரருக்கு அனுப்புங்கள். "அண்ணே, நெட் ஸ்லோ" என்றால் ரௌட்டரை அணைத்து இயக்கச் சொல்வார். எண்ணோடு போனால் ஆள் அனுப்புவார்.

என்.டபிள்யூ-2-5 என்ற நெட்ஃபிளிக்ஸ் பிழையும் இணைப்பைத்தான் காட்டுகிறது. கன்சோலின் நெட்வொர்க் அமைப்பில் டி.என்.எஸ்-ஐ (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சர்வரை) 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கையால் கொடுத்தால் பல நேரம் தீர்ந்துவிடும்.

அறிகுறி: "விபிஎன் பயன்படுத்துகிறீர்கள்" என்கிறது, வீட்டில் யாருக்கும் அப்படியென்றால் என்னவென்றே தெரியாது

எம்7111-5059 என்ற எண்ணோடு வரும். விபிஎன் என்பது உங்கள் இணைய முகவரியை மறைத்து, வேறு இடத்திலிருந்து வருவது போலக் காட்டும் வழி. முதலில் கணினியில் இலவச விபிஎன் நீட்சி ஏதாவது உலாவியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காரணம் இணைப்புக் கொடுப்பவர் பக்கம் இருக்கலாம். சிறு நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும். அதே முகவரியில் எங்கோ ஒருவர் விபிஎன் சர்வர் நடத்தினால் தெரு முழுக்க அந்தப் பழியைச் சுமக்கும். ரௌட்டரை அணைத்து இயக்கினால் வேறு முகவரி கிடைக்கலாம். கிடைக்கவில்லையென்றால் ஹாட்ஸ்பாட்டில் ஓடுவதைக் காட்டி, வெளிமுகவரியை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அறிகுறி: "இந்தக் கருவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல"

அண்ணன் பெரம்பூரில், தம்பி மணலியில், கணக்கு ஒன்று. 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்று அறிவித்துவிட்டது. சொந்த வீட்டிலேயே இப்படி வந்தால், கணக்கு வைத்திருப்பவரின் கைப்பேசிக்கு வரும் குறியீட்டை இட்டுச் சரிசெய்யலாம். அண்ணன் தம்பிக்குள் என்றால் அது தொழில்நுட்பக் கோளாறு அல்ல, நான் அதில் தலையிடுவதில்லை.

அறிகுறி: நேற்று வரை ஓடியது

யு.ஐ-800-3 என்று நெட்ஃபிளிக்ஸ் சொன்னால், கருவியில் சேர்ந்திருக்கும் பழைய தரவு கெட்டுவிட்டது. கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழையுங்கள். ஆகவில்லையென்றால் செயலியை அழித்து மறுபடி இறக்குங்கள்.

அதற்கு முன் கன்சோலை உண்மையாகவே அணையுங்கள். ஓய்வு நிலையில் விட்டால் செயலி நினைவகத்தில் அப்படியே உறைந்து கிடக்கும், மறுநாள் அதே பழுதோடு எழும். எக்ஸ்பாக்ஸ் பெட்டியின் முன்பக்கத்தில் இருக்கும் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் முழுதாக அணையும். பிளேஸ்டேஷனில் முழுதாக அணைத்த பிறகு, இரண்டாவது பீப் ஒலி கேட்கும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். அங்கே டேட்டாபேஸை மறுபடி கட்டும் தேர்வு இருக்கிறது. விளையாட்டுச் சேமிப்புகள் அதனால் போகாது. பக்கத்திலேயே இருக்கும் 'இனிஷியலைஸ்' என்பதைத் தொட்டுவிடாதீர்கள், அது எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

அறிகுறி: பழைய கன்சோல், அல்லது 'ஜெயில்பிரேக்' செய்தது

நெட்ஃபிளிக்ஸ் கன்சோலில் முதன்முதலாக வந்தது 2008 நவம்பரில், எக்ஸ்பாக்ஸ் 360-இல். அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தபோது தபாலில் ஒரு வட்டு அனுப்பி, அதைச் செருகினால்தான் ஓடும் என்ற நிலை. அந்தக் காலத்துப் பெட்டிகளின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. நிண்டெண்டோவின் வீ-யில் நெட்ஃபிளிக்ஸ் 2019 ஜனவரியோடு நின்றது, வீ யூ-விலும் 3டிஎஸ்-இலும் 2021 ஜூன் 30-ஓடு. எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஸ்டோர் 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. இவற்றைச் சரிசெய்து தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஜெயில்பிரேக், அதாவது கன்சோலின் மென்பொருள் பூட்டை உடைப்பது, வேறு கதை. மணிக்கணக்கில் காசு வாங்கி விளையாட விடும் சென்டர்களிலிருந்து கைமாறும் பிளேஸ்டேஷன் 4-களில் இது சகஜம். விளையாட்டுகள் நிறைய இருக்கும், ஓடிடி மட்டும் வராது. பூட்டை உடைப்பதற்காகப் பழைய ஃபர்ம்வேரிலேயே (கன்சோலை இயக்கும் உள் மென்பொருளிலேயே) நிறுத்தி வைத்திருப்பார்கள். ஃபர்ம்வேர் பழசாக இருந்தால் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய முடியாது, நுழையாமல் செயலியை இறக்கவும் முடியாது. புதுப்பித்தால் ஜெயில்பிரேக் போய்விடும். இரண்டில் எது வேண்டும் என்று வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். அந்தக் கன்சோலில் பார்த்தே தீருவேன் என்று யாரோ அனுப்பும் இணைப்பிலிருந்து செயலியை இறக்கி, அதில் உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை இடுவதுதான் இருக்கும் வழிகளில் மிக மோசமானது.

அறிகுறி: இசை காதைக் கிழிக்கிறது, வசனம் கேட்கவில்லை

படம் 5.1 ஒலியில் வருகிறது, உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. அது உங்களிடம் இல்லை. கன்சோலின் ஒலி அமைப்பில் ஸ்டீரியோ, லீனியர் பி.சி.எம் என்று மாற்றுங்கள். செயலியிலேயே ஒலி மொழிப் பட்டியலில் தமிழ் இரண்டு முறை இருந்தால் 5.1 என்று போடாததை எடுங்கள்.

அறிகுறி: பக்கத்து வீட்டில் கத்துகிறார்கள், நம் திரையில் பந்தே இன்னும் போடவில்லை

சேப்பாக்கத்தில் ஆட்டம் நடக்கும் இரவுகளில் மட்டும் வரும் புகார். கோளாறு எதுவும் இல்லை. நேரலையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் செயலி ஓட்டத் தொடங்கும்; அந்தச் சேமிப்பு எவ்வளவோ அவ்வளவு நொடி நீங்கள் பின்னால். கருவிக்குக் கருவி இது மாறும், கேபிள் டிவி பார்க்கும் வீடு பெரும்பாலும் முன்னால் இருக்கும். நடுவில் ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓடவிட்டிருந்தால் தாமதம் இன்னும் கூடியிருக்கும். திரையில் 'லைவ்' என்று இருக்கும் பொத்தானை அழுத்தினால் அந்த அளவுக்காவது முன்னே வரலாம். மீதியைக் குறைக்க எந்த அமைப்பும் இல்லை. கைப்பேசியில் ஸ்கோர் அறிவிப்பை அணைத்து வையுங்கள், தெருப்பக்க ஜன்னலையும் சாத்திக்கொள்ளுங்கள்.